மழை வந்ததும் 500 சென்சர்களும் ஒன்றாகப் பேசினால்

கொழும்புக் கால்வாய் ஒன்றின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சரைச் செய்து பாலத்துக்குக் கீழே மாட்டிவிட இரண்டு நாள் போதும். அதையே 500 இடத்தில் மாட்டி, மழை கொட்டுகிற ஒரு நவம்பர் இரவில் அந்த 500 இடத்திலிருந்தும் நம்பக்கூடிய எண் வந்துசேரச் செய்வது வேறு தொழில். இரண்டாவது வேலை முதலாவதன் 500 மடங்குதான் என்று கணக்குப் போடுவதில் தொடங்குகிறது தொல்லை.

இங்கே பேசுவது பற்றரியில் ஓடி, லோராவான் (லோரா என்ற, குறைந்த மின்னில் நெடுந்தூரம் போகும் வானொலி முறையில் ஓடும் வலைப்பின்னல்) வழியாகச் செய்தி அனுப்பும் நீர்மட்டச் சென்சர், மழைமானி வலைப்பின்னலைப் பற்றி. மட்டக்குளியிலிருந்து செபஸ்தியன் கால்வாய், தெமட்டகொடை, கிருலப்பனை என்று இறங்கி, வெள்ளவத்தை, தெஹிவளைக் கடல்வாய்கள் வரை பரந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகமே தண்ணீரில் நின்றது. 2016 மேயில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியது. இரண்டும் ஒரே வெள்ளம் அல்ல. முதலாவது நகருக்குள் விழுந்து வடிய வழியில்லாமல் நின்ற மழை. இரண்டாவது மலையில் பெய்து ஆற்றோடு இறங்கி வந்த மழை. முதலாவதற்கு நிமிடக் கணக்கில் தரவு வேண்டும். இரண்டாவதற்கு மணிக்கணக்கு போதும், ஆனால் நாட்கணக்காக அறாமல் வர வேண்டும். ஒரே வலைப்பின்னல் இரண்டையும் தாங்க வேண்டும் என்பதுதான் கொழும்பில் வடிவமைப்புக்கான முதல் நிபந்தனை.

வானொலி நெரிசல்

லோராவில் எஸ்.எஃப். (ஸ்ப்ரெடிங் ஃபாக்டர்) 7 முதல் 12 வரை வேகப் படிகள் உண்டு. 7 வேகமானது, கிட்டத்துக்கு. 12 மெதுவானது, தூரத்துக்கு. 11 பைட் தரவு கொண்ட ஒரு செய்தி, 125 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில், எஸ்.எஃப். 7இல் 62 மில்லிசெக்கன் காற்றில் நிற்கும். எஸ்.எஃப். 10இல் 371 மில்லிசெக்கன். எஸ்.எஃப். 12இல் 1.48 செக்கன். அதே செய்திக்கு 24 மடங்கு நேரம்.

லோராவான் சென்சர்கள் யாரிடமும் முறை கேட்காமல், நினைத்த நேரத்தில் பேசுகிறவை. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அலோகா கம்பியில்லா வலைப்பின்னலின் மோதல் கணக்கு இன்றைக்கும் இவற்றுக்குப் பொருந்தும். 500 சென்சர், 8 அலைவரிசை, 10 நிமிடத்துக்கு ஒரு செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் எஸ்.எஃப். 7இல் இருந்தால் 100இல் ஒன்றிரண்டுதான் மோதி அழியும். எல்லாம் எஸ்.எஃப். 12இல் இருந்தால் 26 சதவீதம் அழியும். இது வெயில் நாளின் கணக்கு.

மழை தொடங்குகிறது. “நீர் உயர்ந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பு” என்று எழுதி வைத்திருக்கிறோம், அதைத்தான் ‘புத்திசாலிச் சென்சர்’ என்று விளம்பரமும் செய்திருக்கிறோம். 500உம் ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு ஒன்று என்று மாறுகின்றன. எஸ்.எஃப். 10இல் இருந்தால் இப்போது பாதிக்கு மேல், 54 சதவீதம், அழிகிறது. வறண்ட நாளில் அழகாக ஓடிய, தரவு காட்டும் திரைப்பலகை, தேவைப்பட்ட ஒரே இரவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. அலைகள் ஒன்றையொன்று மிகைத்து வலுவானது பிழைப்பதால் உண்மையில் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் வடிவமைக்கும்போது அந்தச் சலுகையை எண்ணிக்கொள்ளக் கூடாது.

பழியை மழைத்துளி மேல் போடுகிறவர்கள் உண்டு. 900 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலையை மழைத்துளி ஒன்றும் செய்யாது. நனைந்த மரக்கிளையும் தண்ணீரில் முங்கிய அன்ரனாவும் செய்யும். மற்றதெல்லாம் நெரிசல்.

இதற்கு வழி, யார் வேகமாகப் பேசலாம் என்று முன்கூட்டியே பங்கு பிரிப்பது. 500இல் கால்வாய்ச் சந்திகள், நீரேற்று நிலையங்கள், கடல்வாய்கள், தாழ்வான மதகுகள் என்று 150ஐத் தெரிவு செய்து, அவற்றுக்கு மட்டும் அவசர நிலையில் 2 நிமிட இடைவெளி கொடுங்கள். மற்ற 350உம் எந்த மழையானாலும் 15 நிமிடத்தில் நிற்கட்டும். அப்போது எஸ்.எஃப். 7இல் 97 சதவீதத்துக்கு மேல் வந்துசேரும். எஸ்.எஃப். 10இலேயே எல்லாம் இருந்தாலும் 86 சதவீதம் வரும்.

மீதி 14 சதவீதத்தை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு செய்தியிலும் கடந்த இரண்டு அளவீட்டையும் சேர்த்தே அனுப்பினால் போதும். ஒரு அளவீடு காணாமல் போக வேண்டுமானால் தொடர்ந்து மூன்று செய்தி அழிய வேண்டும். 14 சதவீத இழப்பு 0.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 11 பைட்டை இப்படிப் பிரிக்கலாம்: இப்போதைய மட்டம் மில்லிமீட்டரில் 2 பைட், முந்தையது 2, அதற்கு முந்தையது 2, அளவீடுகளின் சிதறல் 1, வெப்பநிலை 1, பற்றரி 1, நிலைக்கொடிகள் 1, வரிசை எண் 1. ஏன் 11 என்றால், லோராவானின் 923 மெகாஹேர்ட்ஸ் ஆசிய அலைவரிசைத் திட்டத்தில் ஒரு செய்தி 400 மில்லிசெக்கனுக்கு மேல் காற்றில் நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு போடப்படும் இடங்களில், எஸ்.எஃப். 10இல் 11 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. முதலிலேயே அதற்குள் அடக்கிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை. தரவை ஜேசன் வடிவில் எழுத்தெழுத்தாக அனுப்புகிற ஆசையை ஆய்வுகூடத்தோடு விட்டுவிட வேண்டும்.

அதே திட்டத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சென்சர் பிறக்கும்போது அதற்குத் தெரிந்தது இரண்டே அலைவரிசை. மற்ற ஆறையும் வலைச் சேவையகம்தான், சென்சர் வலைப்பின்னலில் இணையும்போதும் அதற்குப் பிறகும், சொல்லிக்கொடுக்க வேண்டும். சேவையகத்தில் அந்த அமைப்பைப் போட மறந்தால் 500உம் இரண்டு பாதையில் முட்டிக்கொள்ளும். 20 சென்சரோடு சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது.

‘கிடைத்ததா, பதில் சொல்’ என்று கேட்கும் உறுதிப்படுத்தல் செய்திகளையும் நிறுத்திவிடுங்கள். சென்சர்களின் செய்தியை வானொலியில் வாங்கிச் சேவையகத்துக்குக் கடத்தும் கேட்வே ஒன்று பதில் சொல்லும் நேரத்தில் அதன் காது அடைபட்டிருக்கும். பதில் வராத சென்சர் திரும்ப அனுப்பும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும், நெரிசல் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும். கடிகாரமும் அப்படியே. எல்லாச் சென்சரும் சரியாக 00, 10, 20ஆவது நிமிடத்தில் விழித்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். ஒவ்வொன்றும் தன் இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்குள் எழுந்தமானமாக முன்பின் நகர வேண்டும். மின்சாரத்தில் ஓடும் நீரேற்று நிலையச் சென்சர்கள் மின்வெட்டு முடிந்த அதே செக்கனில் இணைய ஓடிவரும். அவற்றுக்கு 0 முதல் 15 நிமிடம் வரை எழுந்தமானத் தாமதம் வைக்க வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது

மலிவானது மீயொலி, அதாவது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரத்தை அளப்பது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் நீர்புகா வகைகூட வறண்ட ஆய்வுகூடத்தில் சென்ரிமீட்டர் துல்லியம் காட்டும். சிக்கல், ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு மாறுகிறது என்பது. 31 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 350 மீட்டர், 45 பாகையில் 358 அளவு. சென்சர் தன் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்துத் திருத்துகிறது. பெட்டியோ வெயிலில் காய்ந்து 45இல் நிற்கிறது, பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள காற்று 31இல் இருக்கிறது. 3 மீட்டர் தூரத்துக்குப் பிழை 7 சென்ரிமீட்டர். தண்ணீர் உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியும்.

இதிலிருந்து வரும் பொய் அபாய அறிவிப்பு மிக நேர்த்தியானது. ஏப்ரல் மாதப் பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மணிவரை சுள்ளென்ற வெயில், வரைபடத்தில் நீர்மட்டம் மெல்ல இறங்கியிருக்கிறது. 3 மணிக்கு இடியோடு முகில் மூடுகிறது, முதல் தூறல் பெட்டி மேல் விழுகிறது, சில நிமிடத்தில் பெட்டி 15 பாகை குளிர்கிறது. நீர்மட்டம் 7 சென்ரிமீட்டர் ‘உயர்கிறது’. மழைமானியும் மழை என்கிறது. பார்க்கிறவர் யாருக்கும் சந்தேகம் வராது, கால்வாய் மட்டும் அசையாமல் கிடக்கும். வெப்பமானியைப் பெட்டிக்கு வெளியே, நிழலில், தொங்கும் வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைப்பதும், பெட்டிக்கு மேலே 3 சென்ரிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு வெள்ளைத் தகட்டுக் கூரை போடுவதும் இதற்கு மருந்து. காசு இருந்தால் 60 அல்லது 80 கிகாஹேர்ட்ஸ் ராடார் போடுங்கள். காற்றின் வெப்பம் அதற்குப் பொருட்டல்ல. என் தெரிவு, முக்கியமான 150 இடத்துக்கு ராடார், மற்றவற்றுக்கு மீயொலி.

மீயொலிக் கூம்புக்குள் சிலந்தி வலை கட்டும், குளவி மண்கூடு வைக்கும், பல்லி தங்கும். சென்சர் உடனே தன் குறைந்தபட்சத் தூரமான 25, 30 சென்ரிமீட்டரைக் காட்டத் தொடங்கும், அதாவது பாலத்தை முட்டிவிட்ட வெள்ளம். அந்த எண்ணை எப்போதும் பிழை என்றே எடுக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் தோன்றும். உண்மையான வெள்ளமும் அதே எண்ணைத்தான் தரும். ஆகவே சென்சரை, வரக்கூடிய உச்ச வெள்ளத்துக்கு மேல் குறைந்தது அரை மீட்டர் உயரத்தில் மாட்ட வேண்டும். அப்போதுதான் குறைந்தபட்சத் தூர எண்ணைச் சந்தேகப்பட இடம் இருக்கும்.

தண்ணீருக்குள் இறக்கும் அழுத்தச் சென்சருக்கு வேறு வியாதி. காற்றுக்குழாய் இல்லாத வகை, தண்ணீரோடு வளிமண்டலத்தையும் சேர்த்து நிறுக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்ரிமீட்டர் தண்ணீர். நம் அகலாங்கில் வளியமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை 10ஐ ஒட்டியும் இரவு 10ஐ ஒட்டியும் உச்சம், பிற்பகல் 4, அதிகாலை 4ஐ ஒட்டித் தாழ்வு. வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவு. எனவே தேங்கிய குட்டையும் தினமும் 3 சென்ரிமீட்டர் மூச்சு விடுவதாகத் தெரியும். கடலுக்குக் கிட்ட இதைப் பலர் வற்றுப்பெருக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். பிரித்தறிவது சுலபம். வற்றுப்பெருக்கு ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் போலப் பிந்திக்கொண்டே போகும், வளியமுக்கம் மணி தவறாது. நகரில் இரண்டு மூன்று இடத்தில் வளியமுக்கமானி வைத்து, சேவையகத்தில் கழித்துவிட்டால் தீர்ந்தது. வெள்ளவத்தைக் கடல்வாயில் கடல்நீர் உள்ளே ஏறும்போது அடர்த்தியால் இன்னும் 2.5 சதவீதம் கூடும், அதையும் நினைவில் வைக்கவும். சேறு மூடுவது பற்றிச் சொல்லத் தேவையில்லை. நகரக் கால்வாயில் அழுத்தச் சென்சர் வைத்தால் சேறு வழிக்க ஆள் வைக்க வேண்டும்.

ஆகாயத்தாமரைக்குத்தான் முழு மருந்து கிடையாது. திட்டாக மிதந்து வந்து பாலத்தூணில் தட்டி நிற்கும். ராடாரோ மீயொலியோ, இலைமேல் பட்டுத் திரும்பும். மட்டம் 20 முதல் 40 சென்ரிமீட்டர் திடீரென்று ஏறி, அங்கேயே நாட்கணக்காக நிற்கும். திட்டுகள் பாலத்தின் மேற்பக்கத்தில் குவிவதால் சென்சரைக் கீழ்ப்பக்கத்தில், தூணிலிருந்து விலக்கி மாட்டினால் பாதித் தொல்லை குறையும். மீதிப் பாதியைச் சென்சருக்குள்ளேயே கண்டுபிடிக்கலாம். விழித்ததும் 3 செக்கனில் 15 அளவீடு எடுத்து, நடு எண்ணை மட்டமாகவும், சிதறலைத் தனி பைட்டாகவும் அனுப்புங்கள். வெறும் நீர்ப்பரப்பில் சிதறல் சில மில்லிமீட்டர். இலைமேல், காற்றில் ஆடும்போது, சென்ரிமீட்டர்க் கணக்கில் போகும். மேலேயும் கீழேயும் உள்ள சென்சர்கள் அசையாதபோது நடுவிலுள்ளது மட்டும் ஏறினால், அது இலை அல்லது பிளாஸ்டிக் போத்தல் குவியல். இந்த இரண்டாவது சோதனையைச் சேவையகம் செய்யட்டும், பக்கத்துச் சென்சர் என்ன சொல்கிறது என்று சென்சருக்குத் தெரியாது.

நிலை மாறும் எல்லைக்கு இரட்டைக் கோடு போடுங்கள். 80 சென்ரிமீட்டரில் அவசர நிலைக்குப் போனால், 70க்குக் கீழே 30 நிமிடம் நின்ற பிறகுதான் திரும்பி வர வேண்டும். ஒற்றைக் கோட்டில், சிற்றலை ஒன்றே சென்சரை இரவு முழுக்க அங்குமிங்கும் ஆட்டிப் பற்றரியைத் தின்னும்.

மட்டம் எங்கிருந்து

பாலத்திலிருந்து தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் கீழே என்பது ஒரு பயனும் இல்லாத எண். சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எத்தனை என்பதே பயன். கொழும்பின் தாழ்வான பகுதிகள் கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர்தான் மேலே, கால்வாய்களின் சாய்வு அற்பம். 5 சென்ரிமீட்டர் தவறினால் கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தைக்குத் தண்ணீர் மேட்டில் ஏறிப் போவதாக வரைபடம் சொல்லும். ஒவ்வொரு சென்சரின் அடிவிளிம்பையும் நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து மட்டமானி வைத்து இழுத்து, 1 சென்ரிமீட்டருக்குள் பதிய வேண்டும். கைபேசி ஜி.பி.எஸ். இதற்கு உதவாது. சென்சருக்குப் பக்கத்தில் தூணில் ஒரு அளவுகோலைப் பெயின்ட் அடித்து வையுங்கள். பராமரிக்கப் போகிறவர் கண்ணால் வாசித்து அதே நிமிடத்துச் சென்சர் எண்ணோடு ஒப்பிடலாம். எந்த அலகு என்பதையும் எழுதி வையுங்கள். களனியின் நாகலகம் வீதி அளவுகோல் அடிக்கணக்கில் பேசப்பட்டு வந்தது, மற்றவர்கள் மீட்டர் என்பார்கள். 5 என்ற எண்ணை அலகு இல்லாமல் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள்.

பற்றரி

வழக்கமான தெரிவு 3.6 வோல்ற், 19 அம்பியர்-மணி லிதியம் தயோனைல் குளோரைட் டி-அளவுக் கலம். கொழும்பு வெப்பத்துக்கும் பழுதுக்கும் விட்டுக்கொடுத்து 13 அம்பியர்-மணி என்று கணக்கெடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு 144 முறை விழித்தால்: உறக்கத்தில் 10 மைக்ரோஅம்பியர், நாளுக்கு 0.24 மில்லிஅம்பியர்-மணி. 30 மில்லிஅம்பியர் ராடார் 3 செக்கன், 3.6. எஸ்.எஃப். 7இல் அனுப்ப 0.1. மொத்தம் 4க்குக் கிட்ட, காகிதத்தில் 9 வருடம். எஸ்.எஃப். 12இல் அனுப்ப மட்டும் 2.4 ஆகி, ஆயுள் 6 வருடத்துக்குள் வந்துவிடும். எல்லாரும் வானொலியில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், உண்மையில் தின்பது அளவிடும் அந்த 3 செக்கன்.

இதைவிடப் பெரிய திருடன், ஆய்வுப் பலகையோடு ஒட்டி வரும் ஏ.எம்.எஸ். 1117 மின்னழுத்தச் சீராக்கி. சும்மா இருக்கவே 5 மில்லிஅம்பியர் குடிக்கும். நாளுக்கு 120 மில்லிஅம்பியர்-மணி. 9 வருடக் கணக்கு மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஒரு தொகுதிச் சென்சர் மூன்றாம் மாதமே வரிசையாகச் சாகத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தயோனைல் கலம் நெடுநாள் உறங்கினால் உள்ளே மென்படலம் பிடிக்கும். திடீரென்று மின்னோட்டம் கேட்டால் வோல்ற் சரிந்து சென்சர் மறுதொடக்கமாகும். பக்கவாட்டில் ஒரு மீமின்தேக்கி போட வேண்டும். இக்கலத்தின் வோல்ற் கடைசிவரை தட்டையாக இருந்து ஒரேயடியாக விழும் என்பதால், வோல்ற்றைப் பார்த்து மீதி ஆயுளைச் சொல்ல முடியாது. அனுப்பிய செய்திகளை எண்ணிக் கணக்கிட வேண்டும். சூரியத் தகடு போடுவதென்றால் லிதியம் இரும்புப் பொஸ்பேற் கலம் வாங்குங்கள். 18650 அளவில் 9900 மில்லிஅம்பியர்-மணி என்று அச்சிட்ட கலத்தைக் கண்டால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம், அந்த உருவத்துக்குள் 3500ஐ ஒட்டித்தான் அடங்கும்.

பெட்டியும் மாட்டும் விதமும்

மரைன் டிரைவ் பக்கம் மாட்டுவதென்றால் 304 ரக எஃகு போதாது. சில மாதத்தில் தேத்தண்ணிக் கறை போலத் துரு வரும். 316 ரகமே வேண்டும். அலுமினியத் தாங்கிக்கு எஃகு ஆணி போட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரிக்கும், நடுவில் நைலோன் வளையம் இடுங்கள். ஐ.பி. 67 பெட்டி தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே வந்த ஈரத்தை வெளியேயும் விடாது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது, இறப்பர் விளிம்பால் ஈரக்காற்றை உறிஞ்சி, அடியில் தண்ணீர் கட்டும். மூச்சு விடும் மென்சவ்வு அடைப்பான் ஒன்றும், மின்சுற்றுப் பலகைக்கு மேல் ஈரம் புகாத பூச்சும் கட்டாயம். வயர் அடியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும், போகுமுன் ஒரு வளைவு தொங்க வேண்டும்.

கொழும்புக்கே உரிய ஒன்று: பாலத்துக்கு அடியில் அன்ரனாவோடு பெயரில்லாத சாம்பல் பெட்டி இருந்தால் அது தகவல் தொழில்நுட்பமாகத் தெரியாது, சந்தேகப் பொருளாகத்தான் தெரியும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இது நீர்மட்டமானி, கமரா இல்லை, விற்கக்கூடிய பற்றரி இல்லை, தொலைபேசி எண் இது என்று எழுதி ஒட்டுங்கள். அந்தந்தப் பொலிஸ் நிலையத்துக்கு இடப்பட்டியலோடு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ‘விற்கக்கூடிய பற்றரி இல்லை’ என்ற வரி பூட்டைவிட நன்றாக வேலை செய்யும்.

அனுமதிதான் முழு வேலையிலும் நீளமான பகுதி. காலி வீதிப் பாலம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, உள் வீதிகள் மாநகர சபைக்கு, கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு, களனிக் கரை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, கடல்வாய்க்குப் பக்கத்துப் பாலம் புகையிரதத்துக்கு. ஒரே தூணுக்கு இரண்டு கடிதம் தேவைப்படும் இடங்களும் உண்டு. வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வாங்கிய பிறகே இறக்குமதிக்குப் பணம் கட்டுங்கள், அனுமதிக்கும் அலைப்பட்டை மாறினால் வன்பொருளே மாறும்.

கேட்வே

கட்டடங்களுக்கு நடுவே ஒரு கேட்வே நம்பத்தக்கபடி கேட்பது 1 முதல் 3 கிலோமீட்டர். நகர எல்லை ஏறக்குறைய 37 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு சென்சரையும் இரண்டு கேட்வேயாவது கேட்க வேண்டும் என்ற விதியோடு, சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் 12 வரை வேண்டியிருக்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் தூரம் குறையும், தூரம் குறைந்தால் சென்சர்கள் எஸ்.எஃப். 7, 8க்கு இறங்கும், மேலே சொன்ன நெரிசலும் பற்றரியும் இரண்டும் சேர்ந்து தேறும். கேட்வேயில் மிச்சம் பிடிப்பது கடைசியில் பற்றரி மாற்றும் கூலியாகத் திரும்பி வரும்.

மாட்டுமுன் சமிக்ஞை அளந்து பாருங்கள். எஸ்.எஃப். 7க்கு இரைச்சலோடு ஒப்பிட்ட எல்லை −7.5 டெசிபல், எஸ்.எஃப். 10க்கு −15. எல்லைக்கு மேல் 10 டெசிபல் மிச்சம் இல்லாத இடத்தில் மாட்டக்கூடாது. ஆடியில் அளந்த இடத்தில் கார்த்திகையில் இலையும் நனைந்திருக்கும், தண்ணீரும் அன்ரனாவுக்குக் கிட்ட வந்திருக்கும். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கேட்வேயையும் முறைவைத்து ஒரு மணிநேரம் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் காணாமல் போகும் சென்சர்களின் பட்டியல்தான் அடுத்த கேட்வே எங்கே என்பதற்கு விடை.

மின்சாரம் பற்றி 2022இல் எல்லாரும் படித்தோம், நாளுக்கு 13 மணிநேர வெட்டு வரை போனது. கேட்வே 6 வாட், 4ஜி ரவுட்டர் 5 வாட் என்றால் 12.8 வோல்ற், 30 அம்பியர்-மணி இரும்புப் பொஸ்பேற் பற்றரி ஒரு நாளைத் தாண்டி இழுக்கும். இரண்டு நிறுவனத்தின் சிம் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். இரண்டும் ஒரே கோபுரத்தில் இருந்து, கோபுரத்தின் பற்றரி இறந்தால் இரண்டும் போகும். சில கேட்வேக்களுக்காவது பைபர் இணைப்பு வேண்டும். இடிமின்னல் உச்சம் ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும், அதாவது தரவு வேண்டிய அதே மாதங்களில். அன்ரனா வயரில் வாயுக்குழாய் மின்னல் தடுப்பான், ஈதர்நெற் வயரில் தனித் தடுப்பான், இரண்டும் கட்டடத்தின் அதே புவித்தொடுப்பில். தனியாக ஒரு கம்பி அடித்துப் புவித்தொடுத்தால் இரண்டு புவிக்கும் நடுவில் உங்கள் கேட்வே எரியும்.

செய்திகளை மறைகுறியாக்கும் இலக்கச் சாவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு சென்சருக்கும் தனிச் சாவி. சாவி அச்சிட்ட கியூஆர் ஸ்டிக்கரைப் பெட்டிக்கு வெளியே விடக்கூடாது. இணைவு நடைமுறை இல்லாமல் நிரந்தர முகவரி கொடுத்த சென்சரில் பற்றரி மாற்றினால், செய்தி வரிசை எண் பூச்சியத்துக்குப் போகும். சேவையகம் பழைய செய்தியை யாரோ திரும்ப ஒலிபரப்புகிறார் என்று எல்லாவற்றையும் தள்ளிவிடும். சென்சர் நலமாக இருக்கும், திரைப்பலகையில் இறந்திருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது, பராமரிப்பது

5 சென்சர், பிறகு 30, பிறகு 150, பிறகு 500. முப்பதில் நின்று ஒரு முழு ஒக்ரோபர்–நவம்பரைக் கடக்க வேண்டும். கொடை தரும் நிறுவனத்தின் நிதியாண்டு டிசெம்பரில் முடிகிறது என்பதற்காக இதைத் தாண்டிக் குதித்தால், முப்பதில் திருத்தியிருக்கக்கூடிய ஒரு தாங்கியை ஐந்நூறு இடத்தில் கழற்ற வேண்டிவரும். மழைக்காலத்தைக் காத்திராமலும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு வறண்ட செவ்வாய்க்கிழமை, சேவையகத்திலிருந்து அந்த 150ஐயும் ஒரே நேரத்தில் அவசர நிலைக்குத் தள்ளி, இரண்டு மணிநேரம் எத்தனை சதவீதம் வருகிறது என்று எண்ணுங்கள்.

வானொலி வழியாக மென்பொருள் மாற்றும் கனவை அளந்து காணுங்கள். 50 கிலோபைட்டை 50 பைட் துண்டுகளாக அனுப்ப ஒரு சென்சருக்கு 1000 செய்தி. எல்லைகளையும் இடைவெளிகளையும் மட்டும் தூரத்திலிருந்து மாற்றுங்கள், மென்பொருளை அடுத்த முறை ஆள் போகும்போது புளூடூத்தில் ஏற்றுங்கள். இரண்டு பேர், ஒரு ஓட்டோ, ஒரு ஏணி: கொழும்பு நெரிசலில் நாளுக்கு 8 இடம். 500 இடத்தைச் சுற்றிவர 63 வேலை நாள், அதாவது மூன்று மாதம். ஆகவே பராமரிப்பு என்பது வருடத்துக்கொரு திருவிழா அல்ல, ஓயாத சுற்று. 5 சதவீதம், 25 முழுச் சென்சர், எப்போதும் தயாராக ஓட்டோவில் இருக்கட்டும். பாலத்தடியில் பழுது பார்க்காதீர்கள், மாற்றிவிட்டு வந்து மேசையில் பாருங்கள்.

போகும்போது செய்ய வேண்டியது இவ்வளவே: பெயின்ட் அளவுகோலை வாசித்துச் சென்சர் எண்ணோடு எழுதுவது, கூம்பைத் துடைப்பது, மழைமானியின் புனலில் காக்கை எச்சமும் இலையும் இருந்தால் எடுத்து, அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி 0.2 மில்லிமீட்டர்க் கரண்டி எத்தனை தடவை சாய்கிறது என்று எண்ணுவது. அடைத்த மழைமானி பிழை சொல்லாது. பூச்சியம் சொல்லும். நகரில் எல்லா மானியும் 40 மில்லிமீட்டர் காட்டும் நாளில் ஒன்று மட்டும் 0 என்றால் சேவையகமே அதைப் பராமரிப்புப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

குறுஞ்செய்திக்கும் அளவு உண்டு. தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான், தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். “கிருலப்பனைக் கால்வாய் 1.4 மீ., உயர்கிறது, 9.20 இரவு” என்பது 60க்குள் அடங்கும். இடம், மட்டம், போக்கு, நேரம் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரே கால்வாயில் மூன்று சென்சர் எல்லையைத் தாண்டினாலும் போக வேண்டியது ஒரு செய்தி. இரவு இரண்டு மணிக்கு ஆகாயத்தாமரையின் பேரில் நான்கு தடவை எழுப்பப்பட்ட பொறியியலாளர், ஐந்தாவது தடவை போனை நிறுத்திவைத்துவிட்டுத்தான் படுப்பார்.